எர்ரகட்டா மருந்து



நம் ஐதராபாத்திலே ஒருவரைப் பித்தர் என்று கேலி செய்ய எர்ரகட்டா என்னும் பெயர் ஒன்றே போதும். மனநல மருத்துவமனை அங்கிருப்பதே காரணம். அதே எர்ரகட்டாவில் காசநோயாளரைக் காக்கும் மார்பு நோய் மருத்துவமனையும் உண்டு. அதைச் சொல்லி எவரும் நகைப்பதில்லை! காசத்தின் மருந்தொன்று மனநோய் மருத்துவத்தில் நுழைந்த வரலாற்றை இன்று கூற விழைகின்றோம்.

கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு ஆண்டுகள் பல கழிந்தும் அச்சம் தீராதிருக்கலாம். உறக்கத்தில் அலறுவாள், சில தெருக்களை, சில குரல்களைக் கண்டு ஒதுங்குவாள். ஆடவரைவிட ஏறக்குறைய இரு மடங்கு பெண்டிர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். “மறந்துவிடு அம்மா” என்கிறோம் நாம். மருத்துவர் சொல்வதோ நேர்மாறு. பயிற்சி பெற்றவர் உடனிருக்க, நிகழ்ந்ததைப் பன்முறை எடுத்துரைக்க வேண்டும். அஞ்சி ஒதுக்கிய, தீங்கற்ற இடங்களைச் சிறிது சிறிதாக அணுக வேண்டும். ஆபத்து கடந்துவிட்டதென்று நெஞ்சு அப்போது கற்கிறது. அமெரிக்காவில் எட்னா போவா அம்மையார், பலாத்காரத்துக்கு ஆளான பெண்களிடையே இம்முறையை ஆராய்ந்து 1991-இல் முடிவுகளை வெளியிட்டார்.

இக்கல்வியை மருந்தால் விரைவாக்கலாகாதா? பிற மருந்துகளுக்கு மசியாத காசத்திற்குத் தரும் சைக்ளோசெரினை, சிகிச்சைக்குச் சற்று முன் சிறு அளவில் கொடுத்துப் பார்த்தனர். 2004-இல் அட்லாண்டாவில் உயரத்தைக் கண்டு அஞ்சிய 28 பேரிடம் நடந்த சோதனையில், மருந்துண்டவர் கூடுதல் நலம் பெற்றனர். பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆயினும் 2012-இல் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து மீண்ட வீரர்களிடம் வெளியான ஆய்வில், மருந்துண்டவர் வெறும் மாத்திரை உண்டவரைவிடக் குறைவாகவே தேறினர். அவ்வாண்டே நெதர்லாந்தில், பெண்களே மிகுதியாயிருந்த ஆய்வில், பொதுவாகப் பயன் தெரியவில்லை. நோய் கடுமையாகி நெடுநாள் சிகிச்சை வேண்டியவர்க்கே சிறிது உதவியதாகத் தோன்றிற்று.

ஏன் இந்த முரண்? இம்மருந்து அச்சத்தை அழிப்பதன்று; அவ்வேளையில் கற்றதை ஆழப் பதிப்பது என ஆய்வாளர் கருதுகின்றனர். அச்சம் தணிந்து எழுந்தால் தணிவு பதியும். தணியாது எழுந்தால் அச்சமே பதியும். ஆதலின் உடனிருந்து கேட்பவரின் திறமையும் பொறுமையுமே முதன்மையானவை. சைக்ளோசெரின் இன்னும் இந்நோய்க்கு வழக்கமான மருந்தாகவில்லை. செர்ட்ராலின் போன்றவை வழக்கிலுள்ளன. அவற்றையும் மருத்துவர் சொற்படியே உண்ண வேண்டும்.

நெஞ்சிலுள்ளதை உள்ளபடி உரைக்கத் தாய்மொழி வேண்டுமே! தெலுங்கு மண்ணில் வாழும் நம் பெண்டிர்க்கு இது சிறு இடர் அன்று. 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையில் தமிழிலும் பேசலாம். எண் 14416, கட்டணம் இல்லை. இதனை ஒவ்வொரு வீட்டிலும் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைக்க வேண்டுகின்றோம்.