வேலை போன மறுநாள் காலை



இந்தப் பிரசுர வரிசையில் வழக்கமாக நாம் பேசுவது தடுப்பூசி, கருத்தடை, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊட்டம் ஆகியவை பற்றித்தான். இன்றைக்கு வேலை போவதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "சுகாதாரத்துறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு பெரியவர் வாசலிலேயே கேட்டுவிட்டார். சம்பந்தம் உண்டு ஐயா. வேலை போன வீட்டில் முதலில் நிற்பது குழந்தையின் முட்டை. அடுத்து நிற்பது பாட்டியின் ரத்தக்கொதிப்பு மாத்திரை. அதற்கும் அடுத்து, வீட்டுக்காரரின் தூக்கம். தூக்கம் நின்ற பிறகு என்னென்ன வரும் என்பதை முப்பது வருஷமாக ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் நின்று பார்த்து வருகிறேன்.

வேலை போவது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் ஒரே இரவில் தென்னையெல்லாம் சாய்ந்தது. தோப்புக்காரருக்கு நஷ்டம் என்று எல்லோரும் பேசினோம். மரம் ஏறியவருக்கும் மட்டை முடைந்த பெண்களுக்கும் அன்றோடு வேலை போனதை எத்தனை பேர் பேசினோம்? 2020 மார்ச் மாத ஊரடங்கும் உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் புயலிலும் ஊரடங்கிலும் ஊர் முழுக்கச் சேர்ந்து விழுந்தது. அதில் வெட்கம் இல்லை. ஒருவனுக்கு மட்டும், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், "திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம்" என்று சொன்னால்? அதுதான் ஆளை அறுக்கும்.

மாத்தூர் தொழிற்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனம், நம் வாயில் 'பெல்', 1960-களில் வந்தது. அனல் மின் நிலையத்துக்கான பாய்லர் செய்யும் ஆலை அது. அங்கே வருகிற ஆர்டரில் ஒரு பங்கை வெளியே கொடுத்துச் செய்து வாங்குவார்கள். அதை நம்பித்தான் துவாக்குடியிலும் நம் மாவட்டத்து மாத்தூரிலும் நூற்றுக்கணக்கில் பட்டறைகள் எழுந்தன. வெல்டர், பிட்டர், கிரைண்டிங் ஆள் என்று கீரனூர்ப் பக்கத்துப் பையன்கள் ஆயிரக்கணக்கில் இந்த வேலையில்தான் குடும்பத்தைக் கரையேற்றினார்கள். 2010-க்குப் பிறகு நாடு முழுவதும் புதிய அனல் மின் நிலையங்கள் தேங்கின. நிலக்கரி சரியாகக் கிடைக்கவில்லை, வங்கிக் கடன் முடங்கியது, ஆர்டர் குறைந்தது. எங்கோ ஒரு மின் நிலையம் நின்றுபோனதற்கு இங்கே களமாவூர்க்காரர் ஒருவருக்குக் கூலி நின்றது. வேலை போனவன் எல்லாம் வேலை தெரியாதவன் அல்ல. இதை நான் சத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேலை போனவர்கள் மனத்துக்குள் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லிக் கொள்கிறார்கள்.

இனி எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டிய வெல்டர். கீரனூருக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டு பெண் பிள்ளைகள்.

காலை ஏழரை மணிக்கு மெயின் ரோட்டு டீக்கடையில் இவர்கள் எட்டுப் பேர், ஐந்து வண்டிகள், ஒன்று கூடுவது வழக்கம். ஒருவர் வண்டியில் இன்னொருவர் ஏறிக்கொண்டு பெட்ரோல் செலவைப் பங்கு போடுவார்கள். டீ குடித்து, பேப்பரைப் புரட்டி, ஒருவர் பின் ஒருவராக மாத்தூர் போவார்கள். பட்டறை ஆளுக்கொன்று. சாலை மட்டும் ஒன்று. பத்து வருஷமாக இப்படி.

நம்முடையவர் வேலை செய்த பட்டறை மூடிவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமையும் குளித்து, சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினார். டீக்கடைக்கு மட்டும் போகவில்லை. "ஷிப்டு மாறிவிட்டது" என்று போனில் சொல்லிவிட்டார். களமாவூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். இப்படிப் பதினோரு நாள். கொண்டுபோன சோற்றை நாய்க்குப் போட்டார். பதினோராம் நாள் நெஞ்சு படபடக்கிறது, கை மரத்துப் போகிறது என்று எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தார். இ.சி.ஜி. எடுத்தோம், இதயம் நன்றாகத்தான் இருந்தது. டாக்டர், "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் மனுஷன் அழுதார்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். மனத்தில் அடைத்து வைத்தது உடம்பின் வழியாக வெளியே வரும். நெஞ்சு படபடப்பு, தலைபாரம், வயிற்று எரிச்சல், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து பிறகு தூக்கமில்லாமை, பிள்ளைகள் மேல் காரணமில்லாத கோபம், சாப்பாட்டில் வெறுப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இவை தொடர்ந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். நெஞ்சு வலி என்றால் இரண்டு வாரம் என்ன, இரண்டு மணி நேரம்கூடக் காத்திராமல் வாருங்கள். அது மனக்கவலையா மாரடைப்பா என்று நீங்களாக முடிவு கட்டக் கூடாது.

அவரைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல. அவருடைய கூட்டாளிகளில் மூத்தவர் ஒருவருக்குச் சந்தேகம் வந்திருந்தது. மறுநாள் வழியில் புளியமரத்தடியில் தெரிந்த வண்டியைப் பார்த்துத் திரும்பி வந்தார். வந்தவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மாப்ள, எத்தன நாளா?" என்றார். "பன்னெண்டு." "வீட்ல?" "சொல்லல." "சரி. சாயங்காலம் நானும் வரேன், சேந்தே சொல்லுவோம். நாளைக்கு ஏழரைக்கு டீக்கடைக்கு வந்துரு." அவ்வளவுதான் பேச்சு.

சாயங்காலம் இருவரும் போய்ச் சொன்னால், அந்த அம்மாள் அசரவில்லை. "ஒரு வாரமா சட்டையில புதுசா ஒரு பொறி ஓட்டகூட இல்ல. எனக்குத் தெரியாதாண்ணே? அவரா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாராம். வீட்டுக்காரிக்குத் தெரியாது என்று நினைக்கும் ஆண்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். அன்று ராத்திரிதான் அவர் முதன்முதலாகத் தூங்கினார்.

மறுநாளிலிருந்து நடந்ததுதான் முக்கியம். வேலை இல்லாதவர் ஏழரை மணிக்கு டீக்கடைக்கு எதற்கு? அதுதான் விஷயம். ஆஸ்திரியா நாட்டில், வியன்னா நகருக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு ஊர். ஊருக்கே சோறு போட்ட நூல் ஆலை 1930 வாக்கில் மூடியது. மரீ யகோடா முதலிய ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய், வேலையிழந்த குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்று கவனித்து 1933-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். நேரம் நிறைய இருக்கிறதே, ஜனங்கள் நிறையப் படிப்பார்கள் என்று நாம் நினைப்போம். நூலகத்தில் கட்டணத்தை நீக்கியும் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், நடுவில் நின்று நின்று போனார்கள். கையில் கடிகாரம் கட்டுவதைக்கூடப் பலர் விட்டுவிட்டார்கள். வேலை என்பது சம்பளம் மட்டுமல்ல. எழுந்திருக்க ஒரு மணி, போக ஒரு இடம், "வந்துட்டியா" என்று கேட்க நாலு பேர். சம்பளத்தைக் கூட்டாளிகளால் தர முடியாது. மற்ற மூன்றையும் தர முடியும்.

அதைத்தான் இந்த ஏழு பேரும் தந்தார்கள். தினமும் அவரை யாராவது ஒருவர் பின்னால் ஏற்றிக்கொண்டு மாத்தூர் போவார். அங்கே இரண்டு பட்டறையில் விசாரித்துவிட்டு, கிடைத்தால் அரைநாள் வேலை, இல்லாவிட்டால் பஸ்ஸில் வீடு. வண்டியை விற்றுவிடுகிறேன் என்று அவர் சொன்னபோது விற்க விடவில்லை. என் அபிப்பிராயமும் அதுவே. பிழைப்புக்குக் கொண்டுபோகும் வண்டியையும் கைத்தொழில் சாமானையும் கடைசியில் விற்க வேண்டும். செல்போன் புதிது வாங்குவதையும் மொய் விருந்தையும் முதலில் நிறுத்த வேண்டும். மொய் என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது! ஒரு வருஷம் குறைத்து எழுதினால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

அவர்கள் ஒரு தப்பும் செய்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை, "மனசு ஆறட்டும்" என்று அவரை டாஸ்மாக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். அன்று இரவு வண்டியோடு விழுந்து முழங்காலில் ஆறு தையல். ஹெல்மெட் போட்டிருந்ததால் பிழைத்தார். குடி தூக்கம் தருவதுபோல் தோன்றும். நடுராத்திரி எழுப்பிவிட்டுக் கவலையை இரண்டு மடங்காக்கும். தூக்கமில்லாத கண்ணோடும், கோபத்தோடும், குடித்துவிட்டும் வண்டி எடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட நாளில் பின்னால் உட்காருங்கள். ஓட்ட ஆள் இருக்கிறார்களே, அதற்குத்தானே கூட்டாளி!

மூன்று மாதம் கழித்து, பழைய விலைக்குக் கிடைத்த சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்றை எல்லோரும் பணம் போட்டு வாங்கிக் கொடுத்தார்கள். கந்துவட்டி கிடையாது, மாதம் இவ்வளவு என்று திருப்பித் தரவேண்டும் என்பது பேச்சு. வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் கேட், கிரில், கொட்டகை வேலை செய்கிறார். பழைய சம்பளம் வரவில்லை, இன்னும் வரவில்லை. பெரிய பெண் ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி மறுபடி சேர்ந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தூங்குகிறார், சாப்பிடுகிறார்.

சக்கரத்தில் கூட்டமாகப் போவது நம் மாவட்டத்துக்குப் பழக்கம்தானே? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் அம்மையார் கலெக்டராக இருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள். தனியாக ஒரு பெண் ஓட்டியிருந்தால் கேலி பேசியே இறக்கியிருப்பார்கள். கூட்டமாக வந்ததால் ஊர் வழி விட்டது. வேலையில்லாதவனுக்கும் ஊர் கேலி உண்டு. கூடவே நாலு வண்டி வந்தால் அது குறையும்.

வேலை போன வாரத்தில் செய்ய வேண்டியவை சில. பாக்கிச் சம்பளத்துக்கும் சர்வீஸ் பணத்துக்கும் எழுத்தில் கேளுங்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் வேலையை விட்டு விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதியாவிட்டால் பணம் எடுக்கும்போது அலைய வேண்டி வரும். ஈ.எஸ்.ஐ. அட்டை இன்னும் எத்தனை நாள் செல்லும் என்று விசாரித்து, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத் தகுதி உண்டா என்று கேளுங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை அரசு நிலையத்தில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். அங்கன்வாடி சத்துமாவை வாங்க வெட்கப்படாதீர்கள். இப்போது பல தம்பிகள் செல்போனில் ஆர்டர் வாங்கி வண்டியில் பொருள் கொண்டு போகிறார்கள். அவர்களுக்கென்று தமிழக அரசு 2023-ல் தனி நல வாரியம் அமைத்தது, தொழிலாளர் துறை அலுவலகத்தில் பதியலாம்.

இன்னொன்று. இதைச் சொல்லத் தயங்கினேன், சொல்லாமல் விடுவது தப்பு. "நான் இல்லாவிட்டால் இவர்களாவது நிம்மதியாக இருப்பார்கள்" என்று உங்கள் கூட்டாளி சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்டவரிடம் மனம் திறக்கும். அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய மருந்து வீட்டில் இருந்தால் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். 104, அல்லது 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். இரவானாலும் ஆள் இருப்பார்கள், காசு இல்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரத் தாமதிக்கிறார்கள். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் வந்தபிறகு அந்தப் பயம் வேண்டியதில்லை; சிகிச்சை தருவதே அரசின் கடமை என்று சட்டமே சொல்கிறது.

நாளைக் காலை உங்கள் டீக்கடையில் யார் வரவில்லை என்று பாருங்கள். ஷிப்டு மாறிவிட்டது என்று சொன்னவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை வண்டியை விடுங்கள்.

நேரமாகிவிட்டது. ஏதாவது கேட்க வேண்டுமானால் கேளுங்கள். கூட்டத்தில் கேட்க முடியாததை வாசலில் நின்று என்னிடமோ, உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ தனியாகச் சொல்லலாம். பின்வரிசையில் அந்த அம்மா முதலிலேயே கையைத் தூக்கினார்கள், சொல்லுங்கம்மா.