வயசானவங்க விலகுறாங்களா, விலக்குறோமா?
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் ஒரு குழுவின் தீர்மான நோட்டைப் பார்த்தோம். "வயது 60 ஆனபடியால் உறுப்பினர் நீக்கப்பட்டார்" என்று எழுதியிருந்தது. அந்த அம்மா குழு ஆரம்பித்த நாளிலிருந்து சேமிப்பு கட்டினவங்க, ஒரு தவணைகூடத் தவறினதில்லை. கேட்டதற்கு, "பாட்டிக்கு எதுக்கு மேடம் கடன்? வீட்ல ஓய்வா இருக்கட்டும்" என்றார்கள். நாங்களும் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டோம். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

உடம்பு தளர்வது உண்மைதான். 1961-ல் அமெரிக்காவில் ஹேஃப்லிக் என்ற விஞ்ஞானி மனித செல்களை வளர்த்துப் பார்த்தார். சுமார் 50 தடவை பிரிந்தபின் அவை நின்றுவிட்டன. மூப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். நம் பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைந்து எலும்பு வேகமாகத் தேயும். வழுக்கி விழுந்தா இடுப்பு எலும்பு முறியுறது இதனாலதான். கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் பேரனுக்கு மட்டும் இல்லை, ஆத்தாவுக்கும் வேணும்.

ஆனால் எலும்பு தேய்ஞ்சா, கணக்குப் பார்க்கிற புத்தியும் தேஞ்சுடுமா?

அதே 1961-ல் கம்மிங், ஹென்றி என்ற இரண்டு ஆய்வாளர்கள், வயதானவர்கள் தாங்களாகவே ஒதுங்குவார்கள், ஊரும் அவர்களை விட்டுவிடும், இது இயற்கை, இரு தரப்புக்கும் நல்லது என்று எழுதினார்கள். ஹேவிகர்ஸ்ட் என்பவர் இதை ஏற்கவில்லை. வேலையும் நாலு பேர் பழக்கமும் தொடர்ந்தால்தான் முதுமையில் மனநிறைவு என்றார். எரிக்சன் என்ற மனநல அறிஞர், கடைசிக் காலத்தில் மனசு வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும், நிறைவு இல்லாவிட்டால் கசப்புதான் மிஞ்சும் என்றார். "கிழவி சும்மா புலம்புது"ன்னு நாம சொல்றோமே, அதில் பாதி இந்தக் கசப்புதான்.

"போதும்மா, முடியல" என்று தானே விலகுகிறவர்களும் உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவே இல்லை, அதுதான் எங்கள் வருத்தம். வங்கிக் கடனுக்கு வயது வரம்பு சொல்லலாம். சங்கத்தின் சொந்தச் சேமிப்பிலிருந்து கொடுக்கிற உள்கடனுக்கு முடிவு எடுப்பது நாமதானே?

அந்தக் குழு 12-ஆம் தேதி கூடுது. அம்மாவையும் கூப்பிடச் சொல்லியிருக்கோம். நாங்களும் வர்றோம், அந்தத் தீர்மானத்தை அவங்க முன்னாடியே திரும்பப் படிக்கலாம்.