கூடத்துப் பெட்டியும் மேசைக் கணினியும்

சென்ற மார்கழியில் எங்கள் இல்லத்தில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. பணி நிமித்தம் நாம் பெங்களூருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகளாகின்றன. எழுபத்தாறு வயதான எம் அன்னையாருக்குக் கன்னடம் காதில் விழும், நாவில் வாராது. ஆதலின் கூடத்திலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியே அவருக்கு ஊரும் உறவும் ஆகும். ஒரு நாள் காலை, கச்சேரி கேட்கலாம் என்று அவர் பொத்தானை அழுத்தினார். அந்தச் செயலி இனி இப்பெட்டியில் இயங்காது என்றோர் அறிவிப்பு, அதுவும் ஆங்கிலத்தில், திரையில் தோன்றி நின்றது. பெட்டி வாங்கி ஏழு ஆண்டுகளே ஆயின. படமும் ஒலியும் பழுதின்றி இருந்தன. பார்க்க வந்த தமிழ் இளைஞர், "பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, சார். உள்ளே உள்ள மென்பொருள்தான் பழையது. கம்பெனி இனிப் புதியது அனுப்பாது" என்று சொல்லிப் போனார்.

கல்லூரியில் பயிலும் எம் மகனுக்குச் சினம் வந்துவிட்டது. "அப்பா, நம் மேசைக் கணினி இதைவிடப் பழையது. அதில் லினக்ஸ் ஏற்றினேன், இன்றும் ஓடுகிறது. டிவியும் கணினிதானே? இதில் மட்டும் ஏன் முடியவில்லை?" என்றான். அன்னையாரோ, "எனக்குக் கணினி வேண்டாமடா கண்ணா. பொத்தானை அழுத்தினால் பாட்டு வரவேண்டும், அவ்வளவுதான்" என்றார். இருவர் கட்சியிலும் நியாயம் உண்டு. அவ்வழக்கையே இன்று தங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் மகன் கட்சியைக் காண்போம். இக்காலத் தொலைக்காட்சிக்குள் சில்லு உண்டு, நினைவகம் உண்டு, இயங்குதளமும் உண்டு. ஆண்ட்ராய்டு டிவி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ் ஆகிய மூன்றுக்கும் அடித்தளம் லினக்ஸே. வெப்ஓஎஸ் 2009-இல் பாம் நிறுவனத்தின் கைப்பேசிக்காகப் பிறந்தது. எல்ஜி, சாம்சங் இரண்டிற்கும் நம் பெங்களூரிலேயே மென்பொருள் நிலையங்கள் உள்ளன. தொலைக்காட்சியைக் கணினியாக்குவதும் புதிதன்று. 1980-களில் வீட்டுக் கணினிகள் பலவற்றுக்குத் தொலைக்காட்சியே திரையாக விளங்கிற்று. 2025-இல் ஜியோ நிறுவனம் ஜியோபிசி என்பதைக் கொணர்ந்தது. அதன் செட்டாப் பெட்டியில் விசைப்பலகையையும் மௌசையும் இணைத்தால், தொலைவிலுள்ள கணினி நம் வீட்டுத் திரையில் இயங்கும். தனியாகக் கணினி வாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளைக்கு இது நல்ல வாய்ப்பேயாகும்.

இனி அன்னையார் கட்சி. மேசைக் கணினியின் திரையில் நாம் காணும் கோப்புறை, குப்பைத்தொட்டி முதலியன அலுவலக மேசையைப் பார்த்துச் செய்தவை. 1970-களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு நிலையத்தில் உருப்பெற்ற முறை அது. ஒருவர் அருகமர்ந்து பணியாற்றுவதற்கு அது பொருந்தும். தொலைக்காட்சியோ, குடும்பமே பத்தடி தள்ளி அமர்ந்து பார்ப்பது. ரிமோட்டால் ஒரு பாட்டின் பெயரைத் தமிழில் எழுத்தெழுத்தாகத் தாவித்தாவி உள்ளிட்டுப் பார்த்தவர்கள் அத்துன்பத்தை அறிவார்கள். கூடத்தின் நடுவே அலுவலக மேசையை இழுத்துப் போடுவானேன்?

ஆகவே, புழங்கும் முறையில் தொலைக்காட்சி தொலைக்காட்சியாகவே இருக்கட்டும் என்போம். ஆனால் உடையவரின் உரிமையில் அது கணினியை ஒத்திருத்தல் வேண்டும். மேசைக் கணினி வாங்கியவர் வேண்டிய நிரலை ஏற்றலாம், வேண்டாததை நீக்கலாம், உற்பத்தியாளர் கைவிட்டால் வேறோர் இயங்குதளத்தை அமைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான தொலைக்காட்சிகளில் இவ்வுரிமைகள் குறைவு. மூன்றாவதோ அறவே இல்லை.

இவ்வழக்கின் ஒரு பகுதி இந்தியப் போட்டி ஆணையத்தின் முன்னும் சென்றது. பிளே ஸ்டோர் வேண்டுமாயின் கூகுளின் பிற செயலிகளையும் சேர்த்தே ஏற்க வேண்டும், ஆண்ட்ராய்டின் மாற்று வடிவங்களில் இயங்கும் கருவிகளைச் செய்தலாகாது எனத் தொலைக்காட்சி உற்பத்தியாளர்கள் கட்டுப்படுத்தப்படுகின்றனர் என்பது முறையீடு. 2021 ஜூனில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் சமரசத் தீர்வு ஏற்கப்பட்டது. கூகுள் 20.24 கோடி ரூபாய் செலுத்தவும், பிளே ஸ்டோரையும் அதன் துணைச் சேவையையும் கட்டணத்திற்குத் தனியாக வழங்கவும் இசைந்தது. இஃது உற்பத்தியாளர்க்குத் திறந்த கதவு. வாங்குபவர்க்குரிய கதவு இன்னும் திறக்கவில்லை.

திறந்துவிட்டால் தீய நிரல்கள் நுழையுமே என்பர் சிலர். உண்மையே. சான்றிதழ் பெறாத மென்பொருளுக்கு உயர்தரப் படத்தை அனுப்பப் பட நிறுவனங்களும் தயங்கும். ஆயினும், பூட்டியிருப்பது மட்டும் காவலாகிவிடாது. அமெரிக்காவில் விசியோ நிறுவனத்தின் பெட்டிகள், வீட்டார் எதைப் பார்க்கின்றனர் என்பதை அவர்தம் இசைவின்றியே திரட்டின என்ற வழக்கில், 2017-இல் அந்நிறுவனம் 22 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. கதவு பூட்டியே இருக்கட்டும். சாவி உடையவரிடம் இருக்கட்டும். வேண்டாதவர் திறக்க வேண்டுவதில்லை. உற்பத்தியாளர் தம் ஆதரவை நிறுத்தும் நாளிலேனும் அச்சாவியை ஒப்படைத்தல் முறையன்றோ?

அந்நாள் வரும்வரை, புதிய பெட்டி வாங்கும் அன்பர்கள் மூன்றினைக் கடையிலேயே கேட்டறிதல் நலம்: எத்தனை ஆண்டுகள் மென்பொருள் புதுப்பித்தல் வரும்? பட்டியலும் குரல்தேடலும் தமிழில் உண்டா? வெளிக்கருவிக்கு எச்.டி.எம்.ஐ. இணைப்புகள் எத்தனை?

எங்கள் வழக்கும் அவ்விணைப்பினாலேயே தீர்ந்தது. உள்ளங்கையளவுள்ள கருவி ஒன்றை மகன் பெட்டியின் பின்புறம் பொருத்தினான். முதற்பொத்தானிலேயே பாட்டு வருமாறு தன் பாட்டிக்கு அமைத்தும் கொடுத்தான். ஏழாண்டுப் பெட்டி குப்பைக்குப் போகவில்லை. மறுநாள் காலை, அன்னையார் எவரையும் அழைக்காமல் தாமே கச்சேரி கேட்டார். கணினி எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவுமில்லை.