தம்பி கொடுக்கும் மஜ்ஜை

 

தலசீமியா உள்ள அக்காவுக்குத் தம்பியின் எலும்பு மஜ்ஜை பொருந்துகிறது என்றதும், "முதுகுத்தண்டில் குத்தி அவனும் முடங்கிவிட்டால்?" என்று ஜாசின் தோட்டத்துப் பாட்டிமார் கேட்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஊசி முதுகுத்தண்டைத் தொடுவதில்லை. பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்புறத்தில்தான் எடுக்கிறார்கள். இரத்தத்தை உண்டாக்கும் மூலச்செல்கள் அந்த மஜ்ஜையில் இருக்கின்றன. அவன் எடையில் கிலோவுக்கு 20 மில்லிலிட்டர் வரைதான். சில நாள் வலிக்கும். எடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். கோலாலம்பூர் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987-லேயே மஜ்ஜை மாற்றம் தொடங்கிவிட்டது.

கூடப்பிறந்தவர் முழுதாகப் பொருந்த வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். அதனால் பொருந்திய பிள்ளையை வீடே கொண்டாடும். அவனிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் மறந்துவிடுவோம். எங்கே குத்துவார்கள், எத்தனை நாள் வலிக்கும் என்று அவனிடம் சொல்லுங்கள். அக்காவுக்குச் சரிவராமல் போனாலும் அது அவன் குற்றமில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.