கடைசி வாங்கில் ஒருவர்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியும் மகப்பேற்று வைத்திய நிபுணருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த செயலாளர் அக்கா, “பெண்களின் உடல்நலத்தைப் பற்றி ஏதாவது சொல்லும்” என்றுதான் கேட்டார். அதற்கு இன்னொரு நாள் வருகிறேன். இன்று நான் சொல்லப்போவது எங்கள் வகுப்பு ஒரு ரீச்சரை அழவைத்த கதை. அந்த ரீச்சரிடம் அனுமதி கேட்டேன். “கதையைச் சொல்லும், பேரைச் சொல்லாதையும்” என்றார். பெயரைச் சொல்லாமல் விட்டாலும் இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். என்னைக் குற்றம் சொல்லவேண்டாம்.

1994ஆம் ஆண்டு, பத்தாம் வகுப்பு. கணிதத்துக்குப் புதிதாக ஒரு ரீச்சர் வந்தார். பல்கலைக்கழகத்தில் நன்றாகப் படித்தவர் என்று கேள்வி. ஆனால் குரல் மெலிது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே எழுதுவார், எழுதிக்கொண்டே பேசுவார், ஒவ்வொரு வரி முடியவும் திரும்பி, “விளங்குதா?” என்பார். நாங்கள் ஒரே குரலில், “விளங்குது ரீச்சர்!” என்போம். ஒருத்திக்கும் விளங்கியிருக்காது. பிறகு எங்களில் ஒருத்தி, இப்போது ரொறன்ரோவில் கணக்காளராக இருக்கிறாள், கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினாள். ஒரு பாடவேளையில் நாற்பத்தொரு ‘விளங்குதா’. எண்ணிக்கையை முன்வாங்கிலிருந்து பின்வாங்குக்குக் கடத்துவோம், சிரிப்போம். ஒருநாள் அந்தக் கொப்பி அவர் கையில் அகப்பட்டது. ஒன்றும் பேசாமல் வெளியே போய், விறாந்தைத் தூணோடு நின்று அழுதார்.

அப்போது பக்கத்து வகுப்பில் யார் படிப்பித்துக்கொண்டிருந்தார் தெரியுமா? இந்தக் கல்லூரி கண்ட மிகச் சிறந்த கணித ஆசிரியை. இப்போது அவர் எங்களோடு இல்லை. இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவர். அவர் எப்படிப் படிப்பிக்கிறார் என்று இவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இவர் எப்படித் தடுமாறுகிறார் என்று அவரும் பார்த்ததில்லை. இவர் வகுப்பைப் பார்த்தவர்கள் நாங்கள் நாற்பது பேர் மட்டுமே. நாங்கள் எண்ணிய கணக்கில் பிழையில்லை. அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரிடம் அது போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சுவரை உடைத்தது எதுவென்று என் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30, மழையோடு மழையாக வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. சில கிழமைகளில் எங்கள் ஆசிரியர்கள் சாவகச்சேரிப் பக்கத்தில் இன்னொரு பாடசாலையின் வளவில் கிடுகுக் கொட்டில் போட்டுப் பின்னேர வகுப்புகளைத் தொடங்கிவிட்டார்கள். பரீட்சை எப்போது வரும், வருமா என்றே தெரியாத காலம். கொட்டிலுக்குச் சுவர் கிடையாது. ஒரு வகுப்பின் பேச்சு மற்ற வகுப்புக்குக் கேட்கும்.

ஒரு பின்னேரம் மூத்த ரீச்சர் தன் வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் கொட்டிலின் கடைசி வாங்கில் வந்து இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பாடம் முடிந்ததும் இரண்டு பேரும் அதே வாங்கில் இருந்து கதைத்தார்கள். சுவர் இல்லாதபடியால் எங்களுக்கும் கேட்டது.

“பிள்ளை, ‘விளங்குதா’ எண்டு கேட்டால் எந்தப் பிள்ளை ‘இல்லை’ எண்டு சொல்லும்? ‘அடுத்த வரி என்ன?’ எண்டு கேளும். கேட்டுட்டுப் பேசாமல் நில்லும். உமக்குத்தான் அந்த நேரம் நீளமாத் தெரியும். அதுகள் யோசிக்கட்டும்.”

அவ்வளவுதான். ‘உமக்கு வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை’ என்றோ ‘குரலை உயர்த்தும்’ என்றோ சொல்லவில்லை. மாற்றக்கூடிய ஒரேயொரு பழக்கத்தைக் காட்டினார். அடுத்தநாள் எங்கள் ரீச்சர், “அடுத்த வரி என்ன?” என்று கேட்டுவிட்டு வெண்கட்டியைப் பிடித்தபடி நின்றார். பயங்கர மௌனம். யாரோ ஒருத்தி பிழையாகச் சொன்னாள். இன்னொருத்தி திருத்தினாள். அன்றுதான் எங்கள் வகுப்பில் முதல்முதலாகக் கணிதம் நடந்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது, 1970களிலேயே மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை ஒலிப்பதிவு செய்து அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பொறுக்கும் நேரம் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான். அதை மூன்று செக்கனாக்கினால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்லாமல் இருந்த பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள். எங்கள் மூத்த ரீச்சர் அந்த ஆய்வை வாசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

இதற்கு ஆங்கிலத்தில் ‘இன்ஸ்ட்ரக்‌ஷனல் கோச்சிங்’ என்று பெயர். கோச் என்றதும் உங்களுக்கு வலைப்பந்தாட்ட மைதானம்தான் ஞாபகம் வரும். அது நல்ல ஞாபகமே. எங்கள் பயிற்றுநர் கருத்தரங்கு வைத்தா எங்களுக்கு விளையாட்டுச் சொல்லித்தந்தார்? கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தார், ஒன்றைச் சொன்னார், திரும்பச் செய்யச் சொன்னார், மறுபடி பார்த்தார்.

என் தொழிலிலும் அப்படித்தான். முதலாவது சிசேரியன் செய்தபோது என் கைக்கு மேல் இன்னொருவரின் கை இருந்தது. புத்தகத்தில் படித்தது அந்தக் கை சொன்ன பிறகுதான் என் விரலுக்கு வந்தது. ஆனால் வைத்திய நிபுணரானதும் எங்களை யாரும் பார்ப்பதில்லை. அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே 2011இல் ‘நியூ யோர்க்கர்’ சஞ்சிகையில் இதைப்பற்றி எழுதினார். தான் இனி முன்னேறவில்லை என்று உணர்ந்து, தனக்கு முன்பு கற்பித்த, ஓய்வுபெற்ற நிபுணர் ஒருவரைத் தியேட்டருக்கு வந்து பார்க்கச் சொன்னாராம். வந்தவர் சொன்னவை சின்ன விடயங்கள். விளக்கு காயத்தை விட்டு விலகியிருந்தது, முழங்கை உயர்ந்திருந்தது. அவ்வளவு பெயர் பெற்ற ஒருவருக்கு அது தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கட்டுரைக்காகவே அவர் ஒரு பாடசாலைக்குப் போய், ஆசிரியர்களுக்கு இப்படிப் பயிற்சி கொடுப்பதையும் பார்த்து வந்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இனி என் பிழை ஒன்றையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில், பிரசவத்துக்குப் பின் ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு. உள்ளகப் பயிற்சியில் இருந்த இளம் வைத்தியர் என்னை அழைக்கப் பிந்திவிட்டார். தாய் பிழைத்தார், ஆனால் மயிரிழையில். “ஏன் பிந்தினீர்?” என்று கேட்டேன். “நீங்கள் ஏசுவீர்கள் என்று பயந்தேன், மேடம். என் பயிற்சிக்குக் கையொப்பம் வைப்பதும் நீங்கள்தானே” என்றார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. புள்ளி போடுகிறவரிடம் யாரும் தன் பலவீனத்தைக் காட்டமாட்டார்கள். காட்டாத பலவீனத்தை எப்படித் திருத்துவது?

எங்கள் பாடசாலைகளில் கடைசி வாங்கில் யாராவது வந்து இருந்தால் அது பெரும்பாலும் மேற்பார்வை. கையில் படிவம் இருக்கும். ஆசிரியர் அன்றைக்கென்று ஒரு பாடம் ஆயத்தம் செய்து வைத்திருப்பார், பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பார். படிவம் நிரம்பும், ஆசிரியர் மாறமாட்டார். மற்றையது செயலமர்வு. வலயத்துக்குப் போய், நாள் முழுக்கத் திரையைப் பார்த்து, சோற்றுப் பார்சல் சாப்பிட்டு, ஒரு கோவையோடு திரும்புவது. ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அவர்களில் அருமையானவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒருவருக்கு எத்தனை பாடசாலை? ஒரே ஆசிரியரை மாதாமாதம் வந்து பார்க்க அவர்களுக்கு எங்கே நேரம்?

செயலமர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தென்னாபிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் ஒரு நல்ல பரிசோதனை செய்தார்கள். சிறு வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தாய்மொழியான செட்சுவானாவை வாசிக்கப் பழகுவது பற்றியது. 50 பாடசாலைகளின் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு 50 பாடசாலைகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர் ஒருவர் மாதமொருமுறை வகுப்புக்கே போனார். பாடத் திட்டமும் புத்தகங்களும் இரண்டுக்கும் ஒன்றே. இரண்டு ஆண்டு முடிவில், வகுப்புக்கே ஆள் போன பாடசாலைகளில் வாசிப்பு முன்னேற்றம் மற்றதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. செலவும் கூடத்தான், அதையும் மறைக்கக்கூடாது. 2018இல் மத்தியூ கிராஃப்டும் மற்ற இருவரும் 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஆசிரியரின் கற்பித்தலிலும் பிள்ளைகளின் அடைவிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் நூறு ஆசிரியருக்கு மேற்பட்ட பெரிய திட்டங்களில் பலன் நன்றாகக் குறைந்துவிட்டது. மாகாணம் முழுவதற்கும் செய்வது கடினம், ஒரு பாடசாலையில் செய்யலாம் என்று நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் பாடசாலைக்கு வருகிறேன். நாங்கள் அழவைத்த அந்த ரீச்சர் இன்று இங்கே பகுதித் தலைவர். ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. கடந்த இரண்டு ஆண்டுகளாக, அதிபரின் அனுமதியோடு, புதிதாக நியமனம் பெற்று வந்த நான்கு ஆசிரியைகளின் வகுப்பில் போய் இருக்கிறார். படிவம் இல்லை. அதிபருக்கு அறிக்கையும் இல்லை, அதை அதிபரே எழுத்தில் கொடுத்திருக்கிறார். அதற்காகவே அவருக்கு ஒரு தடவை கைதட்டலாம். முன்கூட்டியே, “நான் எதைப் பார்க்கவேணும்?” என்று ஆசிரியையிடம் கேட்பார். ஒருவர், “நான் எல்லாப் பிள்ளைகளிடமும் கேள்வி கேட்கிறேனா என்று பாருங்கோ” என்றாராம். இவர் வாங்குகளின் படத்தைக் கீறி, கேள்வி போன இடத்தில் எல்லாம் புள்ளி வைத்தார். புள்ளிகள் முன் இரண்டு வரிசையிலேயே குவிந்திருந்தன. படத்தை நீட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை புள்ளிகள் பரவத் தொடங்கிவிட்டன. எங்கள் கொப்பிக் கோடுகளுக்கு முப்பது ஆண்டு கழித்து ஒரு நல்ல வேலை கிடைத்திருக்கிறது. மூன்றாவது தவணையில் அந்த ஆசிரியைகள் அவரைக் கேட்காமலே ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் இருந்தார்களாம்.

ஆனால் நேரமில்லை. அவருக்குக் கிழமைக்கு முப்பதுக்கு மேல் பாடவேளை. ஓய்வுப் பாடவேளையில்தான் இதைச் செய்கிறார், அதிலும் பாதி நாள் லீவில் போனவர்களின் வகுப்பைப் பார்க்கவேண்டி வருகிறது. கால்வலிக்கு என்னிடம் மருந்து கேட்டார். நான் மருந்து எழுதவில்லை, சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன்.

கடிதத்தில் இருந்ததும் அதற்குப் பிறகு எங்கள் வட்ஸ்அப் குழுவில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவு கட்டுவோம் என்றார்கள் பலர். வளைவு எனக்கும் விருப்பம்தான், படம் எடுக்க நல்லாயிருக்கும். என் கோரிக்கை சின்னது. கணிதப் பட்டதாரி ஒருவருக்கு மூன்று ஆண்டுக்கு மாதக் கொடுப்பனவு. அவர் ரீச்சரின் பதினைந்து பாடவேளைகளை எடுப்பார். அந்தப் பதினைந்தில் ரீச்சர் மற்றவர்களின் வகுப்பில் இருப்பார். தான் போவதற்கு முன் இன்னும் இரண்டு பேரை அந்த வாங்கில் இருத்திப் பழக்குவார். தொண்டர் ஆசிரியர்களுக்குக் கொடுப்பனவு கொடுத்த பழக்கம் எங்கள் சங்கத்துக்கு உண்டு, வழி புதிதல்ல.

“பெறுபேறு கூடும் என்று உறுதி தருவீரா?” என்று மெல்போர்ன் கிளை அக்கா கேட்டார். தரமாட்டேன். நான்கு ஆசிரியைகள், இரண்டு ஆண்டு, அதை வைத்து அப்படிச் சொன்னால் நான் நல்ல வைத்தியர் இல்லை. “பணம் கொடுக்கிற நாங்கள் அறிக்கை கேட்கக்கூடாதா?” என்றும் கேட்டார். கேட்கலாம். எத்தனை வகுப்பு, எத்தனை மணித்தியாலம், எத்தனை ரூபா, எல்லாம் வரும். எந்த ஆசிரியைக்கு என்ன பலவீனம் என்பது மட்டும் வராது. அது வரத் தொடங்கிய நாளிலேயே இந்த வேலை நின்றுவிடும்.

பின்னேரப் பொதுக்கூட்டத்தில் இது நான்காவது விடயமாக இருக்கிறது. தேநீருக்குப் பிறகு கலைந்துவிடாமல் இருந்து வாக்களியுங்கள், வளைவுக்காயிருந்தாலும் சரி. ரீச்சர் மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய எங்கள் வகுப்புக்காரர் பதினொரு பேர் இன்று வந்திருக்கிறோம். மேடையிலிருந்து இறங்கியதும் நான் அங்கேதான் போகிறேன்.