வயலில் செய்யும் சிறு வேலைகள்



நிலமும் சட்டமும் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை அணைகளும் ஆலைகளுமே. வயலின் மூலையில் எழும் ஒரு கொட்டகையையோ, வாய்க்காலின் குறுக்கே கொட்டப்படும் நான்கு வண்டி மண்ணையோ நாம் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், காரைக்கால் போன்ற கடைமடைப் பகுதியில் ஓர் ஊரின் விளைச்சலைக் காப்பதும் கெடுப்பதும் பல சமயங்களில் இத்தகைய சிறு வேலைகளே. இவற்றுள் எதை அனுமதிப்பது, எதைத் திருத்துவது, எதைத் தடுப்பது? இதுவே இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

அரசலாறு, நூலாறு, வாஞ்சியாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு ஆகியவை காரைக்கால் மண்ணைக் கடந்து கடலை நோக்கிச் செல்கின்றன. காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பில் புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்கு ஆண்டுக்கு 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கியது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அவ்வளவை மாற்றவில்லை. அந்த நீர் நம் வயலுக்கு வர வாய்க்கால் வேண்டும்; ஐப்பசி, கார்த்திகை மழைநீர் வயலைவிட்டு வெளியேற வடிகால் வேண்டும். தாழ்ந்த சமநிலமாகிய இங்கே வடிகாலில் ஒரு சாண் மேடு விழுந்தாலும், மேலேயுள்ள வயல்களில் நீர் தேங்கிப் பயிர் அழுகும்.

மூன்று உழவர்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் தம் வயலின் மூலையில் மோட்டார் கொட்டகை ஒன்று கட்டுகிறார். அது உழவுக்குத் துணையாவது. நீரின் வழியை மறிப்பதில்லை. இரண்டாமவர் அறுவடை இயந்திரம் செல்வதற்காக வாய்க்காலில் மண்ணைக் கொட்டிப் பாதை அமைக்கிறார். அவருடைய தேவை நியாயமானது. செய்த முறை தவறானது. மூன்றாமவர் நஞ்சையைக் கிராவல் கொட்டி மேடாக்கி, மனைக்கல் நடுகிறார். அவர் நிலத்தின் பயனையே மாற்றுகிறார்.

முதலாமவரை அலைக்கழிப்பது வீண். இரண்டாமவரிடம், உரிய அளவில் குழாய் பதித்துப் பாதையை அமைக்குமாறு தவணை கொடுத்துச் சொல்லலாம். மூன்றாமவரைத் தொடக்கத்திலேயே தடுத்தாக வேண்டும். மனைகள் விற்று வீடுகள் எழுந்தபின் தடுக்கச் சென்றால், துன்பப்படுபவர் விற்றவர் அல்லர், வாங்கிக் குடியேறிய ஏழையே. ஆகவே, வேலையின் அளவைக் காட்டிலும் நீரின் போக்கும் நிலத்தின் பயனும் அதனால் எவ்வாறு மாறுகின்றன என்பதே தீர்ப்புக்கு அளவுகோலாதல் தகும்.

சட்டங்கள் நமக்கு இல்லாமல் இல்லை. புதுச்சேரிக்கு 1969-ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டமும், நம்மைச் சூழ்ந்துள்ள தமிழகத்துக்கு 1971-ஆம் ஆண்டின் சட்டமும் உண்டு. தமிழகம் 2020-இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், எண்ணெய், எரிவாயு ஆய்வு முதலான புதிய பெருந்திட்டங்களை டெல்டாவில் தடுக்கிறது. ஆயின், வரப்போரத்துச் சிறு வேலையைக் கவனிக்க உள்ளூர் அதிகாரியின் கண்ணே வேண்டும்.

காலம் கடந்துவிட்டால் தவறு சரியாகிவிடுமா? இங்கிலாந்தில் அனுமதியின்றி எழுப்பிய கட்டடத்தின்மீது நான்கு ஆண்டுகளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது; 2024-இல் அதைப் பத்து ஆண்டுகளாக உயர்த்தினர். நம் உச்ச நீதிமன்றமோ, 2011-இல் பஞ்சாபின் ஒரு சிற்றூர்க் குளத்தைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், நெடுநாள் அனுபவமும் செய்த பெருஞ்செலவும் ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்ததற்கு நியாயம் ஆகா என்று கூறிற்று.

அதேபோல், அதிகாரிக்கும் வரம்பு உண்டு. கட்டடத்தை இடிக்குமுன் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புத் தந்து, உரியவர் சொல்வதைக் கேட்டு, காரணங்காட்டி ஆணையிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் நெறி வகுத்தது. சாலை, ஆறு, நீர்நிலை முதலிய பொது இடங்களில் அனுமதியின்றி எழுந்தவற்றுக்கு இந்நெறி பொருந்தாது என்றும் கூறியது. விலக்கு இருப்பினும், முன்கூட்டி ஒரு சொல் சொல்வதால் அரசுக்கு இழுக்கு இல்லை. காரணம் அறிந்த உழவர் பணிவார். அறியாதவர், தம் கொட்டகை மட்டும் இடிபட, அடுத்தவர் மனைகள் நிற்பதைக் கண்டு சட்டத்தையே வெறுப்பார். எளியவருக்கு ஒரு நீதியும் செல்வர்க்கு ஒரு நீதியும் இருக்குமாயின், எந்த வாய்க்காலும் நிலைக்காது.

மாணவச் செல்வங்களே, உங்கள் ஊரின் புல வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். அதில் வாய்க்கால் என்று குறித்துள்ள இடத்தில் இன்று வாய்க்கால் இருக்கிறதா என்று நடந்துபோய்க் காணுங்கள். இல்லையெனில், ஊர்ப் பெரியவர்களிடமும் கொம்யூன் பஞ்சாயத்திலும் பணிவுடன் கேளுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே கேளுங்கள்.