சிரிப்பு யார் பக்கம்?

(கருமத்தம்பட்டியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நாளெல்லாம் தறியோடு மல்லாடியவர்களும், களையெடுத்த கையோடு வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்று ஒரு சினிமா டைரக்டரைப் பற்றிப் பேசப் போகிறோம். நமக்கு எதற்கு சினிமாப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். சினிமா பார்க்காத தொழிலாளி யார்? பார்த்ததை யோசித்தும் பார்ப்போம் என்றுதான் சொல்கிறோம்.

நம்ம சூலூர்க்காரர் மணிவண்ணன். பாரதிராஜாவின் "நிழல்கள்" (1980) படத்துக்குக் கதை வசனம் எழுதினார். 1982-ல் "கோபுரங்கள் சாய்வதில்லை" படத்தை இயக்கினார். 1984-ல் "நூறாவது நாள்". 1987-ல் பக்கத்துக் காசிக்கவுண்டன்புதூர் சிவகுமாரை வைத்து "இனி ஒரு சுதந்திரம்". பாடுபட்ட தியாகிக்குச் சுதந்திரம் என்ன கொடுத்தது என்று கேட்ட படம் அது. நானூறுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தும் சிரிக்க வைத்தார்.

ஆனால் ஜனங்கள் மறக்காதது 1994-ல் வந்த "அமைதிப்படை". கோயிலில் தேங்காய் பொறுக்கும் அமாவாசையை ஓர் அரசியல்வாதி தேர்தலில் நிறுத்துகிறான். சொன்னபடி ஆடும் பொம்மை வேண்டும் என்பது அவன் கணக்கு. ஓட்டு எண்ணுகிறார்கள். அமாவாசை நாற்காலி நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறான். ஓட்டு ஏற ஏற உடம்பு பின்னால் சாய்கிறது, கால்மேல் கால் ஏறுகிறது, நிறுத்தியவனுக்குக் கொடுத்த மரியாதை இறங்குகிறது! அமாவாசையாக சத்தியராஜ், ஏமாந்தவனாக மணிவண்ணனே. அதிகாரம் மனிதனை என்ன செய்யும் என்பதைக் கொட்டகையில் இருந்த பாமரனும் புரிந்துகொண்டான்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் படத்தில் அமாவாசையை எதிர்த்து நிற்பவன் அவன் பெற்ற மகன், போலீஸ்காரன். ஜனங்கள் எங்கே? வேடிக்கை பார்க்கிறார்கள்.

இத்தாலியில் மரியோ மோனிசெல்லி (1915–2010) என்றொரு டைரக்டர். சிரிப்புப் படங்களுக்குப் பேர்போனவர். 1963-ல் அவர் எடுத்த படத்தின் பெயரே "தோழர்கள்". டூரின் நகரத்துப் பஞ்சாலை. தினம் 14 மணி நேர வேலை. ஒருவன் கை இயந்திரத்தில் சிக்குகிறது. ஒரு மணி நேரம் முன்னதாகச் சங்கு ஊதி வெளியேறுவது என்று தொழிலாளர்கள் முடிவு செய்கிறார்கள். அவர்களுடைய பயமும் தடுமாற்றமும் நம்மைச் சிரிக்க வைக்கின்றன. கடைசியில் பட்டாளம் சுடுகிறது, ஒரு வாலிபன் சாகிறான். வேலை நிறுத்தம் தோற்கிறது. அவன் தம்பி, சின்னப் பையன், அதே ஆலைக் கேட்டுக்குள் நுழைகிறான். அப்போது யாருக்கும் சிரிப்பு வராது.

இந்தக் கதை நமக்குப் புதிதா? இதே அவினாசி ரோட்டில் இருக்கிறது சின்னியம்பாளையம். அங்கே ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு ஆலைத் தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலேறினார்கள். டூரின் சங்குக்கும் கோவைச் சங்குக்கும் ஓசை ஒன்றுதான்.

மணிவண்ணன் 2013 ஜூன் 15-ல் காலமானார். அதற்கு ஒரு மாதம் முன்புதான் அவருடைய 50-வது படமாக, அதே அமாவாசையின் கதை, "நாகராஜ சோழன்" என்று வந்தது. பத்தொன்பது வருஷம் கழித்தும் அமாவாசை தேவைப்பட்டான் என்றால் குற்றம் யாருடையது?

தோழர்களே, அவன் நாற்காலியில் சாய்ந்தது யார் ஓட்டால்? நம் ஓட்டால்தான். சிரிப்போம், வயிறு வலிக்கச் சிரிப்போம். ஆனால் காசு மடித்த கை வாசலுக்கு வரும்போது அந்த நாற்காலியை நினைத்துக்கொள்வோம். அன்றைக்கும் கை நீட்டினால், அந்தச் சிரிப்பு நம்மைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு!